பயிற்சியில் வந்தது போட்டியில் எங்கே போனது?

2000 செப்டெம்பர் 21. சிட்னி ஒலிம்பிக்கில் பெண்களுக்கான ஜிம்னாஸ்டிக் தனிநபர் பல்துறை இறுதிப் போட்டி. ரஷ்யாவின் ஸ்வெற்லானா கோர்கினாவுக்குத்தான் தங்கம் என்று பலரும் முடிவு கட்டியிருந்தார்கள். அவர் ஓடி வந்தார், பாய்வுக்குதிரையில் கை ஊன்றினார், மேலெழுந்தார், முழங்காலில் வந்து விழுந்தார். அமெரிக்காவின் எலிஸ் ரேயும் விழுந்தார். பிரித்தானியாவின் அனிக்கா ரீடர் காயப்பட்டுப் போட்டியை விட்டே வெளியேறினார். சிறு வயது முதல் பாய்ந்து பழகிய பாய்ச்சல், அன்றைக்கென்று ஒருவர் பின் ஒருவராகச் சறுக்கியது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் காரணம் தேடவேண்டிய சிரமமே இருக்கவில்லை. ஒலிம்பிக் பதற்றம், வேறென்ன?

அவுஸ்திரேலியாவின் அலனா ஸ்லேற்றருக்கு முறை வந்தபோது, குதிரை பதிவாக நிற்கிறது என்று அவர் சொன்னார். அளந்து பார்த்தார்கள். 125 சென்ரிமீற்றர் இருக்கவேண்டிய கருவி 120ல் நின்றது. அதற்குள் போட்டியில் பாதி முடிந்துவிட்டது.

பாதிக்கப்பட்டவர்கள் விரும்பினால் மீண்டும் பாயலாம் என்று அறிவித்தார்கள். கோர்கினாவுக்கு அது உதவவில்லை. குதிரையில் விழுந்த மனதோடு அடுத்த கருவியான இரட்டைக் கம்பிக்குப் போனவர் அங்கேயும் கைதவறி விழுந்திருந்தார். கம்பியின் உயரம் சரியாகவே இருந்ததால் அந்த விழுகைக்கு மறுவாய்ப்புக் கிடையாது. மூன்று நாள் கழித்து அதே மண்டபத்தில், அதே கம்பியில் அவர் தங்கப் பதக்கம் வென்றார்.

ஐந்து சென்ரிமீற்றர் என்பது நாலு விரல் அகலத்துக்கும் குறைவு. ஒலிம்பிக் வீராங்கனைகளையே அது முழங்காலில் விழுத்துமென்றால், மணற்குழியில் பாய்ந்து பழகிவிட்டு மாகாணமட்டப் போட்டியில் முதன்முதலாக மெத்தையைக் காணும் ஒரு பிள்ளையைப் பற்றி என்ன சொல்வது?

திருகோணமலை மாவட்டத்தின் கிளிவெட்டிப் பிள்ளைகளுக்கு ஜிம்னாஸ்டிக் என்பது நாலு வருடத்துக்கு ஒருமுறை தொலைக்காட்சியில் வந்துபோகும் விடயம். ஆனால் பயிற்சியில் வந்தது போட்டியில் எங்கே போனது என்ற கேள்வி ஊருக்குப் புதிதல்ல. தை, மாசியில் இல்ல விளையாட்டுப் போட்டி நடக்கும். பிறகு மூதூர் வலயமட்டம், அதையும் தாண்டினால் மாகாணமட்டம். அங்கே போய் வெறுங்கையோடு திரும்பும் பஸ்ஸுக்குள் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லுவார்: “பிரக்ரிஸில நல்லாப் பாஞ்சவள் சேர், அங்க போய்த்தான் பிழைச்சிட்டாள்.” சேரும் தலையாட்டுவார். பிள்ளைக்குப் பயம், சபைக் கூச்சம், மனத்தைரியம் காணாது என்று தீர்ப்பு எழுதி முடிந்துவிடும்.

இந்தத் தீர்ப்பில் எனக்கு நம்பிக்கையில்லை. பயம் இல்லை என்று சொல்லவரவில்லை. ஆனால் பயத்தின் தலையில் நாம் கட்டும் பழியில் பெரும்பங்கு வேறு இடங்களுக்கு உரியது.

எப்படி எண்ணுகிறோம்?

முதலில் கணக்கு. “பயிற்சியில் நன்றாகச் செய்தாள்” என்று சொல்லும்போது எந்தத் தடவையை நினைத்துச் சொல்கிறோம்? ஒரு பின்னேரம் பத்துத் தடவை பாய்ந்தாள். அதில் மூன்று அருமையாக வந்தன, நாலு பரவாயில்லை, மூன்று பிசகின. வீட்டுக்குப் போகும்போது ஆசிரியரின் மனதிலும் பிள்ளையின் மனதிலும் நிற்பது அந்த அருமையான மூன்றுதான். போட்டி நாளில் கிடைக்கும் ஒரே வாய்ப்பை அந்த மூன்றோடு ஒப்பிட்டுவிட்டுக் குறைந்துபோனது என்கிறோம். குறையவில்லை. அவளுடைய வழக்கமான பாய்ச்சல்களில் ஒன்றுதான் வந்தது.

ஜிம்னாஸ்டிக்கில் இது இன்னும் மோசமாகும். பெண்களின் ஒரு நிகழ்ச்சியில் கடினத்துக்காகப் புள்ளி எண்ணப்படும் அசைவுகள் எட்டு. ஒவ்வொன்றையும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை பிழையின்றிச் செய்யக்கூடிய ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அது சாதாரணத் திறமையல்ல. ஆனால் எட்டும் தொடர்ச்சியாகப் பிழையின்றி வருவதற்கான வாய்ப்பு 66 சதவீதம்தான். எந்தப் பதற்றமும் இல்லாமலே மூன்று தடவைக்கு ஒரு தடவை எங்கோ ஓரிடத்தில் பிசகும். பயிற்சியில் அந்த அசைவை மட்டும் திரும்பச் செய்துவிட்டு மேலே போகலாம். போட்டியில் அது நடுவரின் தாளில் ஏறிவிடும்.

நடுவரின் கண்ணும் பயிற்சியின் கண்ணும் ஒன்றல்ல. இறங்கும்போது கால் சற்றே தத்தினால் 0.1 குறைப்பார்கள். விழுந்தால் முழுதாக ஒரு புள்ளி போகும். ரியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் தீபா கர்மாகர் வெண்கலத்தைத் தவறவிட்டது 0.150 வித்தியாசத்தில். பயிற்சிக் கூடத்தில் அந்த அளவைக் கண்டுகொள்ள ஆளே இருக்காது.

இதே கணக்கில் இன்னொரு பொறி இருக்கிறது. பொருளியலுக்கான நோபல் பரிசை 2002ல் பெற்ற உளவியலாளர் டேனியல் கானெமன், முன்பு இஸ்ரேலிய விமானப்படைப் பயிற்றுநர்களுக்கு வகுப்பெடுத்தபோது நடந்ததை எழுதியிருக்கிறார். பாராட்டினால் மாணவர்கள் நன்றாகச் செய்வார்கள் என்று இவர் சொல்ல, அனுபவசாலி ஒருவர் எழுந்து மறுத்தார்: நல்லாச் செய்தவனைப் பாராட்டினால் அடுத்தமுறை கெடுக்கிறான், பிழைவிட்டவனை ஏசினால் அடுத்தமுறை திருந்துகிறான் என்றார். உண்மையில் பாராட்டும் ஏச்சும் எதையும் செய்யவில்லை. மிக நன்றாக வந்த ஒரு தடவைக்கு அடுத்தது பெரும்பாலும் சராசரிக்கு இறங்கும். மிக மோசமாக வந்ததற்கு அடுத்தது சராசரிக்கு ஏறும். நம்முடைய மைதானங்களிலும் “புகழ்ந்தால் பிள்ளை கெட்டுப்போகும்” என்று நம்புகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இல்லப் போட்டியில் வாழ்நாளின் மிகச் சிறந்த பாய்ச்சலைப் பாய்ந்ததற்காகவே வலயமட்டத்துக்குத் தெரிவான பிள்ளை, அங்கே தன் வழக்கமான உயரத்துக்குத் திரும்புவதில் அதிசயம் எதுவுமில்லை.

மண்ணும் மெத்தையும்

அடுத்தது இடம். பெரிய ஜிம்னாஸ்டிக் போட்டிகளில் கருவிகளை உயர்ந்த மேடைமீது அமைப்பார்கள். மேடைமீது தளத்தின் துள்ளல் மாறும், கண்ணுக்குத் தெரியும் எல்லைகள் மாறும், வெளிச்சம் மாறும். போதாக்குறைக்குப் போட்டி நாளில் உடம்பில் அட்ரினலின் ஏறியிருப்பதால் வழக்கத்தை விட விசையாக எழும்புவார்கள். சுழற்சி கூடிப்போய் எல்லைக் கோட்டுக்கு வெளியே போய் விழுவார்கள். இதெல்லாம் சர்வதேச அமைப்புகளுக்குத் தெரியும். அதனால்தான் போட்டிக்கு முன்னரே அதே மேடையில், அதே கருவிகளில் பயிற்சி செய்ய எல்லா அணிகளுக்கும் ஒரு நாளை ஒதுக்குகிறார்கள். உலகச் சம்பியனுக்கே இந்தச் சலுகை தேவைப்படுகிறது.

இங்கே நிலைமை வேறு. உயரம் பாய்தலை எடுங்கள். ஊர்ப் பாடசாலை மைதானத்தில் குழி தோண்டி மணல் நிரப்பி, இரண்டு கம்பு நட்டு, குறுக்கே ஒரு தடியையோ கயிற்றையோ போட்டுப் பழகுகிறார்கள். மணலில் முதுகால் விழ முடியாது, கழுத்து முறிந்துவிடும். ஆகவே காலால் வந்து இறங்கும் கத்தரிப் பாய்ச்சல்தான் கதி. டிக் பொஸ்பரி 1968ல் மெக்சிக்கோவில் முதுகு காட்டிப் பாய்ந்து தங்கம் வென்ற பிறகு உலகம் முழுவதும் பரவிய முறைக்கு மெத்தை வேண்டும். மாகாணமட்டத்தில் மெத்தை இருக்கும். அதைக் கண்டதும் பிள்ளைக்கு ஒரு கணம் பிடிபடாது: எங்கிருந்து ஓடுவது, எங்கே எழும்புவது, அந்தப் பெரிய நீலப் பாளத்துக்கு முன்னால் தடி ஏன் இவ்வளவு கிட்டத் தெரிகிறது? ஓட்டத்திலும் இதே கதைதான். புல்லும் குறுணியும் கலந்த தரையில் வெறுங்காலோடு ஓடியவர், தேசியமட்டத்துக்குத் தப்பித் தவறிப் போனால் கொழும்பு சுகததாச அரங்கின் செயற்கைத் தளத்தில் முதன்முறையாகக் கால் வைப்பார்.

ஆசியாவின் மிக உயரமான பாய்ச்சலைத் தமிழர் ஒருவர் பாய்ந்த காலமும் இருந்தது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958ல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கத்தைக் கொண்டுவந்தார். அதற்கு முன்னரே 1952ல் ஹெல்சிங்கி, 1956ல் மெல்போர்ண் என்று இரண்டு ஒலிம்பிக்கைப் பார்த்துவிட்டவர் அவர். அன்றைய உலகத்தில் மெத்தை எவருக்கும் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பயிற்சியும் போட்டியும் ஒரே மாதிரியான குழியில்தான் நடந்தன.

பயணத்தையும் விட்டுவிடக்கூடாது. திருகோணமலை–மட்டக்களப்பு வீதியில் ஒருகாலத்தில் கிளிவெட்டியிலிருந்து திருகோணமலை நகரத்துக்குப் போவதென்றால் மிதவைப் பாதையில் ஏறி இறங்கவேண்டும். கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது 2009ல்தான். அதற்கு மூன்று வருடம் முன்னர் சம்பூரிலிருந்து யுத்தத்தால் துரத்தப்பட்ட குடும்பங்கள் பிறகு நெடுங்காலம் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில் தகரக் கொட்டில்களுக்குள் கிடந்தன. அங்கிருந்து வளர்ந்த பிள்ளைகள் போட்டிக்குப் போனபோது எத்தனை மணிக்கு எழும்பினார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்பதைப் புள்ளிப் பலகை காட்டாது. இப்போது பாலம் இருக்கிறது. என்றாலும் விடியப்புறம் எழும்பி, பஸ்ஸில் குலுங்கி, வெயிலில் தங்கள் பெயர் கூப்பிடும்வரை குந்தியிருப்பது மாறவில்லை.

உடம்புக்குத் தெரிந்ததை மனம் விசாரிக்கும்போது

கணக்கையும் களத்தையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உண்மையான பதற்றம். அது மிஞ்சவே செய்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்பது இப்போது ஓரளவு தெரியும்.

அமெரிக்க உளவியலாளர் ரொபர்ட் சயன்ஸ் 1969ல் தன் சகாக்களோடு கரப்பான் பூச்சிகளை ஓடவிட்டுப் பார்த்தார். நேரான பாதையில், மற்றக் கரப்பான்கள் பார்வையாளர்களாக இருந்தபோது அவை வேகமாக ஓடின. திருப்பம் உள்ள பாதையில் அதே பார்வையாளர்கள் முன்னால் அவை மெதுவாகின. பார்ப்பவர்கள் இருந்தால் எளிய வேலை மேம்படும், சிக்கலான வேலை கெடும். எனவே நூறு மீற்றர் ஓடுபவரைச் சனக்கூட்டம் தள்ளிவிடக்கூடும். சமநிலைச் சட்டத்தில் நிற்பவளை அதே கூட்டம் குழப்பிவிடக்கூடும்.

அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்கலாம். நீளம் ஐந்து மீற்றர், உயரம் 125 சென்ரிமீற்றர், அகலம் வெறும் பத்துச் சென்ரிமீற்றர். ஒரு பாதத்தை நேராக வைக்கலாம், குறுக்கே வைத்தால் விரலும் குதியும் வெளியே தொங்கும். நிகழ்ச்சி முழுவதும் தொண்ணூறு விநாடிக்குள் முடியவேண்டும். விழுந்தால் பத்து விநாடிக்குள் திரும்ப ஏறவேண்டும். இதன்மேல்தான் பின்பக்கமாகக் குத்துக்கரணம் அடிக்கிறார்கள். சட்டம் கண்ணுக்குத் தெரியாத ஒரு கணத்தில் கால் அதைத் தேடி இறங்குகிறது.

அல்லை நீர்ப்பாசனத் திட்டத்து வயல் வரம்பில் தலையில் சாப்பாட்டுப் பெட்டியோடு நடக்கிற பெண் காலைப் பார்ப்பதில்லை. அதே வரம்பு ஆளுயரத்துக்கு எழும்பி, இரு பக்கமும் பள்ளமாகிவிட்டால் ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைப்பாள், அப்போதுதான் தடுமாறுவாள். நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதைச் சுவரேறும் கூடத்தில் செய்து பார்த்தார்கள். ஒரே மாதிரியான பிடிமானங்கள், ஒரே தூரம். ஒன்று தரையோடு ஒட்டி, மற்றது பல மீற்றர் உயரத்தில். உயரத்தில் ஆட்கள் மெதுவாகினார்கள், பிடிகளை அடிக்கடி உற்றுப் பார்த்தார்கள், தங்கள் கை எட்டும் தூரத்தைக்கூடக் குறைத்து மதிப்பிட்டார்கள்.

ஒரு வித்தையை நன்றாகப் பழகிய பிறகு அது யோசனையின் கையை விட்டுப் போய்விடுகிறது. பதற்றம் வரும்போது யோசனை அதைத் திரும்பப் பிடுங்கப் பார்க்கிறது. சியான் பெய்லொக் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2002ல் தேர்ந்த கால்பந்து வீரர்களைப் பந்தை உருட்டிக்கொண்டு ஓடச் சொல்லி, பாதத்தின் எந்தப் பக்கம் பந்தைத் தொடுகிறது என்று கவனிக்கச் சொன்னார்கள். கெட்டிக்காரர்கள் மெதுவாகிப் போனார்கள். கற்றுக்குட்டிகளுக்கு அந்தக் கவனம் கெடுதல் செய்யவில்லை. அவர்கள் எப்படியும் காலைப் பார்த்துத்தான் ஓடுகிறார்கள்.

இந்த இடத்தில் நம் பயிற்றுநர்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. பிள்ளை ஓடத் தொடங்கும் கோட்டில் நிற்கும்போது ஓரத்திலிருந்து கத்துவார்கள்: “முழங்காலை மடக்காத! கையைப் பின்னுக்கு எடு! போனமுறை விட்ட பிழைய விடாத!” ஆறு மாதம் உழைத்து உடம்புக்குள் இறக்கிய வித்தையை ஒரே மூச்சில் மண்டைக்கு ஏற்றிவிடுகிற வேலை இது. பெற்றோரும் விதிவிலக்கல்ல. “பயப்படாத மகள்” என்று ஐந்து தடவை சொன்னால், பயப்படவேண்டிய ஏதோ இருக்கிறது என்பது அவளுக்கு உறுதியாகிவிடும்.

சத்தம் மட்டுமல்ல, சத்தமின்மையும் கெடுக்கும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் சமநிலைச் சட்ட இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் உட்படப் பலர் விழுந்தார்கள். அரங்கில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. யாராவது உற்சாகப்படுத்தினால் மற்றவர்கள் உஸ்ஸென்று அடக்கினார்கள். அது தங்களுக்குச் சங்கடமாக இருந்தது என்று வீராங்கனைகளே பிறகு சொன்னார்கள். பயிற்சிக் கூடங்களில் பாட்டு ஒலிக்கும், பக்கத்தில் யாரோ சிரிப்பார்கள், பயிற்றுநர் ஏசுவார். அந்த இரைச்சலும் அவர்கள் பழகிய சட்டத்தின் ஒரு பகுதிதான் என்பது அது இல்லாத அன்றைக்குத்தான் தெரிந்தது.

பைல்ஸ் என்றதும் டோக்கியோ ஒலிம்பிக்கை நினைப்பவர்களுக்கு ஒரு விளக்கம். 2021 ஜூலை 27 அன்று குழுநிலை இறுதியில், இரண்டரை முறுக்குப் போடவேண்டிய பாய்ச்சலில் அவர் ஒன்றரையோடு இறங்கினார், உடனே விலகிக்கொண்டார். அது சாதாரணப் பதற்றமல்ல. காற்றில் சுழலும்போது தான் எங்கே இருக்கிறோம், தரை எந்தப் பக்கம் என்ற உணர்வே அறுந்துபோகும் நிலை அது. அப்படியே தொடர்ந்தால் தலைகீழாக விழுந்து கழுத்தை முறித்துக்கொள்ளலாம். தைரியம் போதவில்லை என்று அவரைத் திட்டியவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை. அவர் ஜுன்டெண்டோ பல்கலைக்கழகக் கூடத்தில், பத்திரமாக விழக்கூடிய பஞ்சுக்குழிக்கு மேலே தன்னைச் சோதித்துப் பார்த்தார். பிறகு முறுக்கில்லாத இறக்கத்தோடு சட்டத்துக்குத் திரும்பி வெண்கலம் எடுத்தார். முறுக்கை மட்டும் கழற்றிவிட்டு மிச்சத்தைச் செய்த அந்தத் தீர்மானம் எனக்கு அவருடைய தங்கங்களை விடப் பெரிதாகப் படுகிறது.

பயிற்சியைக் கெடுத்துப் பார்த்தல்

வழி உண்டா? உண்டு, அறிவுரையில் இல்லை. பெய்லொக்கும் தோமஸ் காரும் 2001ல் வெளியிட்ட ஆய்வில், கொல்ப் பந்தைக் குழிக்குள் தள்ளப் பழகியவர்களில் ஒரு பிரிவினரைப் பயிற்சிக் காலம் முழுவதும் கமராவுக்கு முன்னால் நிறுத்தினார்கள். உங்கள் படத்தை நிபுணர்கள் பார்க்கப்போகிறார்கள் என்றும் சொன்னார்கள். கடைசியில் பணத்தைப் பந்தயமாக வைத்து நெருக்கியபோது மற்றவர்கள் தடுமாற, கமராவுக்குப் பழகியவர்கள் தடுமாறவில்லை. பார்க்கப்படுவதும் பழகக்கூடிய ஒன்றுதான்.

தீபா கர்மாகரின் கதையில் பலரும் கவனிக்காத ஒரு திகதி இருக்கிறது. திரிபுராவின் அகர்தலாவில், பிஸ்வேஷ்வர் நந்தியிடம் பயின்றவர் அவர். தொடக்கத்தில் பழைய ஸ்கூட்டர் பாகங்களால் செய்த கருவிகளில் பழகினார் என்று இந்தியப் பத்திரிகைகள் எழுதின. முன்பக்கமாக இரட்டைக் கரணம் அடிக்கும் புரொடுனோவா என்ற பாய்ச்சலைச் செய்யத் துணிந்தவர்கள் உலகிலேயே ஒரு சிலர்தான். அவர்களில் இவர் ஒருவர். 2016 ஏப்ரலில், ஒலிம்பிக்குக்கான தகுதிப் போட்டி அதே ரியோ அரங்கில் நடந்தது. அங்கே பாய்ந்து தகுதியும் பெற்றார். நாலு மாதம் கழித்து ஒலிம்பிக்குக்கு வந்தபோது அந்த மண்டபம் அவருக்குப் புதிதல்ல. தகுதிச் சுற்றில் 14.850. ஆகஸ்ட் 14 இறுதியில் 15.066. பதக்கம் கிடைக்கவில்லை, நாலாம் இடம்தான். ஆனால் நெருக்கடி கூடக்கூட அவருடைய புள்ளி ஏறியது.

இலங்கையிலிருந்து ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக் மேடையேறிய முதலாமவர் மில்கா கெஹானி. டோக்கியோ தொடக்க விழாவில் நாட்டுக் கொடியைப் பிடித்தவர்களில் ஒருவர். அவர் அந்தத் தரத்துக்குப் பழக ஜப்பானுக்குப் போகவேண்டியிருந்தது. போட்டியில் இருக்கும் கருவி எங்கே இருக்கிறதோ அங்கேதான் பயிற்சியும் நடக்கவேண்டும் என்பதால்.

கிளிவெட்டியிலிருந்து யாரும் ஜப்பானுக்குப் போகத் தேவையில்லை. மூதூரில் ஒரு மெத்தை போதும். வலயத்துக்கு ஒரு உயரம் பாய்தல் மெத்தை வாங்கி, போட்டிக் காலத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்து பாடசாலைக்கு ஒரு வாரம் என்று உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிச் சுற்றவிடலாம். மாகாணமட்டப் போட்டி திருகோணமலை மக்கெய்சர் அரங்கில் நடந்தாலும், கந்தளாயிலோ மட்டக்களப்பு வெபர் அரங்கிலோ நடந்தாலும், முதல்நாள் பின்னேரம் இரண்டு மணித்தியாலம் மைதானத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாம். காசில்லாமல் செய்யக்கூடியதும் உண்டு. வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு பாய்ச்சல் என்று வைத்து, ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிட்டு, மற்ற வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றிவர இருத்தி, அரை மணித்தியாலம் வெயிலில் காக்கவைத்துப் பிறகு பாயச் சொல்லலாம். விழுத்தினால் அன்றைக்கு அவ்வளவுதான், அடுத்த வெள்ளிதான். அந்த ஒற்றைப் பாய்ச்சலின் உயரத்தை மட்டும் கொப்பியில் எழுதி வைத்தால், மாகாணமட்டத்துக்குப் போகும்போது பிள்ளை உண்மையில் எவ்வளவு பாய்வாள் என்று ஆசிரியருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.